கல்லாப்பெட்டியும் மாத்திரைப் பெட்டியும்: வாசகர் கேள்வி–பதில்

முகூர்த்த மாதம், குறுவைச் சீசன், தீபாவளிச் சரக்கு என்று வருடம் முழுக்க ஓய்வில்லாதவர்கள் டெல்டாக் கடைக்காரர்கள். இந்த இதழ்க் கேள்விகள் அவர்களுடையவை. ஒரு வேண்டுகோள்: ‘சுகருக்கு ஒரு வெள்ளை மாத்திரை’ என்று எழுதி அனுப்பாதீர்கள். அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் பெயரையும் மில்லிகிராமையும் பார்த்து அப்படியே எழுதுங்கள். ஏன் என்பது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும்.

கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். வயது 48. ஐந்து வருடமாகச் சுகர். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை ஒன்று காலையில் போடுகிறேன். முகூர்த்த நாட்களில் மத்தியானச் சாப்பாடு மூன்றரை ஆகிவிடும். ஒரு மணி வாக்கில் கை நடுங்குகிறது, குப்பென்று வேர்க்கிறது, பில்லில் கூட்டல் தப்புகிறது. ஒரு மாதமாக வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறும் குடிக்கிறேன். சாறு ஒத்துக்கொள்ளவில்லையோ?

இது சர்க்கரை தாழ்ந்துபோவது. நீங்கள் போடும் மூன்று மருந்தில் கிளிமிபிரைடுதான் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. காலையில் போட்டால் நாள் முழுக்க வேலை செய்யும். நீங்கள் சாப்பிட்டீர்களா, வியாபாரம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று அதற்குத் தெரியாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம். பாகற்காய்க்கும் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும் குணம் உண்டு. இரண்டும் ஒரே திசையில் இழுக்கும்போது, சாப்பாடும் தள்ளிப்போனால் ஒரு மணிக்கு நடுக்கம் வராமல் என்ன செய்யும்?

அடுத்த முறை நடுக்கம் வந்ததும் கல்லாவில் இருக்கும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே ஒன்று வாங்கி வையுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் பொடி, அதாவது நிறைய அள்ளி மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் தாமதிக்காமல் குடித்துவிடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்; ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறிய பிறகு உட்கார்ந்து சாப்பாடு சாப்பிட வேண்டும். கிளிமிபிரைடு இன்னும் உடம்பில் இருப்பதால் ஒரு மணி நேரத்தில் திரும்பவும் இறங்கக்கூடும்.

பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து வாயில் சீனியைப் போடுவார். உங்கள் விஷயத்தில் அது சரிப்படாது. மாத்திரையில் இருக்கும் வோக்லிபோஸ், சீனியை உடைக்கும் நொதியைத் தடுப்பது. அதனால் சீனி இரத்தத்தில் ஏற நேரமாகும். உங்களுக்கு வேண்டியது குளுக்கோஸ்தான். சாக்லெட், கிரீம் பிஸ்கட், பால் காபி எல்லாம் கொழுப்பு சேர்ந்தவை. அவையும் மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பிவிட்டால் யாரும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். இதைக் கடைப் பையன்களுக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

முகூர்த்த நாள் எதுவென்று பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே தெரிகிறது இல்லையா? அன்று பதினொன்றரைக்கே இரண்டு இட்லி, அல்லது ஒரு கைப்பிடி சுண்டலும் மோரும் கல்லாவிலேயே முடித்துவிடுங்கள். வழக்கமாகவே மூன்றரைக்குத்தான் சாப்பாடு என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். கிளிமிபிரைடு அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கும் மாற்றலாம். பெரும்பாலான நோயாளிகள் டாக்டரிடம் சொல்லாத ஒரே விஷயம் சாப்பாட்டு நேரம்தான். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பாகற்காயைச் சாறாக்காமல் பொரியலாகச் சோற்றோடு சாப்பிடுங்கள். வெந்தயம் பிடிக்கும் என்றால் ஒரு டீஸ்பூன் இரவில் ஊறவைத்து, காலையில் மாத்திரைக்கு ஒரு மணி நேரம் தள்ளி மென்று தின்னலாம். அதன் வழவழப்பு மருந்து உறிஞ்சப்படுவதையும் தாமதப்படுத்தக்கூடும் என்பதால்தான் அந்த இடைவெளி.

சாப்பிட்ட கையோடு 10 நிமிடம் நடப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்றாகவே இறக்கும். மத்தியான வெயிலில் வேண்டாம். கடைக்குள்ளேயே குடோனுக்கும் வாசலுக்குமாக நடங்கள். இரவில் மகாமகக் குளத்தைச் சுற்றி நிதானமாக ஒரு வலம் வந்தால் ஏறக்குறைய அந்த 10 நிமிடம் ஆகிவிடும்.

பிரஷருக்கு இந்துப்பு நல்லது என்று வீட்டில் மாற்றிவிட்டோம். சரிதானே? (பாபநாசம், மளிகைக்கடை)

இல்லை. இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். பிரஷரைப் பொறுத்தவரை பெயர்தான் வேறு. அயோடின் கலந்த உப்பை விட்டுவிட்டு இதற்கு மாறினால் அயோடினும் போய்விடும். எந்த உப்பானாலும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மோர்மிளகாய், வடு மாங்காய், அப்பளம், கருவாடு இவை நான்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இந்துப்புக்கு மாறி என்ன பயன்? ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்; பொட்டாசியம் உடம்பில் தேங்கிவிடக்கூடும்.

பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி. கடை அடைத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட இரவு பத்தரை. படுத்தால் நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம். தினமும் ஒரு பாக்கெட் ‘கேஸ்’ பவுடர் கரைத்துக் குடிக்கிறேன். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு எல்லாம் பார்த்தாகிவிட்டது. வயது 52.

முதலில், இது வயிறுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூட்டை தூக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சை அழுத்தி, நின்றால் விட்டுவிடுகிறதா? வேர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, இவற்றில் ஏதாவது சேர்கிறதா? அப்படியானால் அது இருதயம் என்றே வைத்துக்கொண்டு உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். சோடா குடித்துவிட்டு ‘ஏப்பம் வந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கும் அரை மணி நேரத்தில்தான் இருதயத் தசை சாகிறது. வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முதல் இ.சி.ஜி. சரியாக வந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும், இருதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் அசதியாகவும் வேர்வையாகவும் வருவதுண்டு.

இருதயம் இல்லை என்று தெரிந்த பிறகு எரிச்சலுக்கு வருவோம். இரைப்பைக்கு மேலே ஒரு வால்வு. வயிறு நிறைந்திருக்கும்போது படுத்தால் அமிலம் அந்த வால்வைத் தாண்டி மேலே வருகிறது. ஓமமும் இஞ்சியும் உப்புசத்துக்குக் கேட்கும். எரிச்சல் உள்ள வயிற்றில் இரண்டும் இன்னும் காந்தும். பவுடர் என்பது சோடா உப்பு. அமிலத்தை அந்த நேரத்துக்கு அடக்கும், கூடவே தினமும் ஒரு சுமை சோடியத்தை உள்ளே தள்ளும். பிரஷர் உள்ளவருக்கு அது ஆகவே ஆகாது.

செய்ய வேண்டியது இரவுச் சாப்பாட்டை இரண்டாக உடைப்பது. ஏழு, ஏழரைக்கு மண்டியிலேயே நான்கு இட்லியோ இரண்டு சப்பாத்தியோ முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் மோர், பசித்தால் ஒரு வாழைப்பழம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டரை, மூன்று மணி நேரம் இருக்கட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் அடியிலும் செங்கல் வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். இரண்டு தலையணை வைத்தால் அந்தப் பலன் வராது. இடுப்பு மடங்கி வயிற்றைத்தான் அழுத்தும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

வேட்டிமேல் இறுக்கிக் கட்டுகிற அந்தப் பச்சை பெல்ட்! மண்டிக்காரர்களுக்கு அதுதான் மணிபர்ஸ், அதுதான் டைரி. சாப்பிட்ட பிறகாவது இரண்டு ஓட்டை தளர்த்துங்கள். தொப்பைக்கு மேல் இறுக்கினால் அமிலத்தை மேலே பிதுக்குவதற்கு அது ஒன்றே போதும்.

சீரகத் தண்ணீர் குடிக்கலாம். அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் சீரகம், ஐந்து நிமிடக் கொதி. மூன்று வாரத்தில் குறையவில்லை, விழுங்கும்போது தடுக்கிறது, எடை குறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்றால் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் பான்டாப்ரசோல் மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது அதற்கு மாற்று ஆகாது.

ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் காபி ஓடுகிறது. சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் போதுமா? இரவு ஒரு மணிவரை தூக்கம் வருவதில்லை. (தஞ்சாவூர், ஹார்டுவேர் கடை)

டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் ஆறு டம்ளரில் 50 கிராமுக்கு மேல் சீனி. நாள் முழுக்க எல்லா வகையிலும் சேர்த்தே அதைத் தாண்டக்கூடாது என்பதுதான் கணக்கு. பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் உடம்புக்குள் போனால் சீனிதான். ருசிக்காகப் போடுங்கள், மருந்தாக நினைக்காதீர்கள்.

தூக்கத்தைக் கெடுப்பது நாலு மணிக்கு மேல் குடிக்கும் காபி. காஃபின் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கடைசிக் காபி இரண்டு மணிக்குள் முடியட்டும். ஆறையும் ஒரே நாளில் நிறுத்தினால் மண்டை பிளக்கும். மூன்று நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள். சாயங்காலத்துக்குச் சுக்கு மல்லி: மல்லி விதை 100 கிராமை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, தோல் சுரண்டிய சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் ஐந்து சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். 200 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், நாலு நிமிடம் கொதித்தால் போதும். சுக்குக்குப் புறநஞ்சு என்று பெரியவர்கள் சொல்வது இந்தத் தோலைத்தான். கடையில் விற்கும் பொடியில் அதிமதுரம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது தினமும் உள்ளே போனால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

திருவாரூர் பக்கம் அரிசி ஆலை நடத்துகிறேன். அறுவடை நேரத்தில் கண்ணில் சுணை, உமி விழுவது சகஜம். நந்தியாவட்டைப் பூச்சாறு விடலாமா? தூசிக்கு வெல்லம் தின்றால் நெஞ்சு சுத்தமாகும் என்கிறார்களே?

வெல்லம் இரைப்பைக்குப் போகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் இல்லை. கர்சீப் கட்டுவதும் கண்ணுக்குத் தெரிகிற உமியைத்தான் தடுக்கும். தவிட்டுத் தூசிக்கு என்95 முகக்கவசம் வேண்டும், மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாமல்.

கண் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம். பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், எதையும் விடாதீர்கள். நாக்கால் துழாவி எடுப்பதும் வேட்டி முனையால் துடைப்பதும் அதைவிட மோசம். நெல்லின் சுணை கருவிழியில் ஒரு கீறல் போடும். பயிரிலும் வைக்கோலிலும் வாழும் பூஞ்சைகள், முக்கியமாக ஃபியூசேரியமும் ஆஸ்பர்ஜில்லஸும், அந்தக் கீறல் வழியாக உள்ளே போகும். முதல் நாள் உறுத்தல் மட்டும்தான் இருக்கும். சில நாள் கழித்துத்தான் சிவப்பு, நீர் வடிதல், வெளிச்சம் பார்க்கக் கூசுதல், கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி என்று வரும். அதற்குள் ‘கண் சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து’ என்று மெடிக்கலில் வாங்கி விட்டிருப்பார்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சேர்ந்த சொட்டு மருந்து என்றால் இரண்டு நாள் சிவப்பு மறையும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளரும். பார்வை போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

விழுந்தவுடன் கசக்காமல், குடிக்கிற தண்ணீரை டம்ளரில் எடுத்து, இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு 10 நிமிடம் மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் பிடுங்க முயலாதீர்கள். உறுத்தல் மறுநாளும் இருந்தால் கண் மருத்துவரிடம் போய் ‘நெல் சுணை விழுந்தது’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலில் சிகிச்சையே மாறும். பூஞ்சைக்கு நாடாமைசின் சொட்டு வாரக்கணக்கில் விட வேண்டியிருக்கும். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்வது எவ்வளவோ மலிவு.

மன்னார்குடியில் உரம், பூச்சிமருந்துக் கடை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் இரண்டு மாதம் மூச்சுவிட நேரமில்லை. சாயங்காலம் ஆனால் தலைவலி, குமட்டல். மோர் குடித்தால் மருந்து வீரியம் முறியும் என்பதால் தினமும் குடிக்கிறேன்.

மோர் தாகத்துக்கு நல்லது. பூச்சிமருந்தை அது முறிக்காது.

ஒரு சின்னச் சோதனை. கடை அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை தலைவலி வருகிறதா? வரவில்லை என்றால் காரணம் கடைக்குள் இருக்கிறது. குளோர்பைரிபாஸ், ப்ரோஃபெனோஃபாஸ் மாதிரியான ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் தோல் வழியாகவும் ஏறும். கசிந்த பாட்டிலைத் தொட்ட கையோடு பஜ்ஜி சாப்பிட்டால் வாய்வழியாகவும் போய்விடும். கடைக்குள் சாப்பாடு, டீ, வெற்றிலை எதுவும் கூடாது. வெளியே போய், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். வாசலுக்கு எதிர்ச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள், கீழ்மட்டத்தில். ஆவி பெரும்பாலும் தரையை ஒட்டித்தான் தேங்கும். கசிவைத் தண்ணீர் ஊற்றி அலசினால் கடை முழுக்கப் பரவும். மணலோ மரத்தூளோ கொட்டி உறிஞ்ச வைத்து, நைட்ரைல் கையுறையோடு அள்ளுங்கள். துணிக் கையுறை மருந்தைக் குடித்து வைத்துக்கொண்டு தோலில் ஒற்றும். கடைச் சட்டையை வீட்டுத் துணியோடு ஊறப்போடக் கூடாது.

தலைவலியோடு கண்ணில் நீர், வாயில் எச்சில் ஊறுதல், வேர்வை, பார்வை மங்கல், தசை துடித்தல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரி. கையாண்ட பாட்டிலின் லேபிளைப் படம் பிடித்துக் கொண்டுபோங்கள். சீசன் தொடங்குமுன் ஒரு முறையும் நடுவில் ஒரு முறையும் கோலினெஸ்டரேஸ் (இந்தப் பூச்சிமருந்துகள் முடக்கும் நொதி) இரத்தப் பரிசோதனை செய்து ஒப்பிட்டால், உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரியும்.

மயிலாடுதுறையில் ஜவுளிக்கடை நடத்துகிறேன். நானும் விற்பனைப் பெண்களும் நாள் முழுக்க நிற்கிறோம். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு தெரிகிறது. கடையில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை, அடிக்கடி நீர்க்கடுப்பு. எண்ணெய் தேய்த்தால் நரம்பு சரியாகுமா?

ஆகாது. காலிலிருந்து இரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. அசையாமல் நின்றால் அந்தப் பம்ப் நின்றுவிடும், இரத்தம் தேங்கி, நீங்கள் நரம்பு என்று சொல்லும் அந்த இரத்தக்குழாய் சுருளும். அரை மணிக்கு ஒரு முறை, துணி மடிக்கும்போதே, குதிகாலைத் தூக்கித் தூக்கி 20 தடவை இறக்குங்கள். இரவில் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் வைத்து 15 நிமிடம். மருத்துவ எலாஸ்டிக் காலுறையைக் காலையில் படுக்கையை விட்டு எழுமுன்பே போட்டுவிட வேண்டும். வீங்கிய பிறகு போட்டால் பலனில்லை. சர்க்கரையோ காலில் இரத்த ஓட்டக் குறைவோ உள்ளவர்கள் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

விற்பனைப் பெண்களுக்கு உட்கார இருக்கை கொடுப்பது உங்கள் தயவு என்று எண்ண வேண்டாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் கொண்டுவந்த திருத்தப்படி அது கடமை.

நீர்க்கடுப்புக்கு: தண்ணீர் குடிக்காததும் அடக்குவதும் இரண்டுமே காரணம். கிருமியை அலசி வெளியேற்ற நீர் ஓட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் குடியுங்கள். சிறுநீர் வைக்கோல் நிறத்தைவிட வெளிறி இருந்தால் சரி. மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை போயாக வேண்டும், பக்கத்து ஓட்டலோடு பேசி வைத்தாவது. பார்லித் தண்ணீர் (லிட்டருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன், 20 நிமிடக் கொதி) நல்லதுதான். அதில் மருந்து பார்லி பாதி, தண்ணீர் பாதி. காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரில் இரத்தம் இருந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போங்கள். அடிக்கடி வருகிறது என்பதால் சர்க்கரையையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். மெடிக்கலில் இரண்டு நாளைக்கு மட்டும் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதாலும் அது திரும்பத் திரும்ப வரும்.

நிலவேம்புக் குடிநீரைத் தினமும் குடித்துவந்தால் காய்ச்சலே வராதாமே? (நாகப்பட்டினம்)

தினசரிப் பானம் இல்லை அது. ஒன்பது சரக்கு சேர்ந்த மருந்து. 5 கிராம் பொடியை 200 மில்லி தண்ணீரில் போட்டு 50 மில்லியாகச் சுண்டக் காய்ச்சி, சித்த மருத்துவர் சொல்கிற நாட்களுக்கு மட்டும் குடிப்பது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். டெங்குவானால் தட்டணுவை (பிளேட்லெட்) பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரி அவசியம்.

சுவாமிமலை. கடையில் உட்கார்ந்தால் வெற்றிலை ஓயாது, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. புகையிலை கிடையாது, சீவல் மட்டும்தான். கொஞ்ச நாளாகக் காரம் பட்டால் வாய் எரிகிறது.

கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இலையின் மேல் எங்களுக்கு ஒரு வழக்கும் இல்லை. குற்றவாளி சீவல், அதாவது சீவிய பாக்கு. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. ‘புகையிலை இல்லையே’ என்ற சமாதானம் அதற்குப் பிறகு செல்லாது. பாக்கு, கன்னத்தின் உட்சதையை நாராக இறுக்கும். முதல் அடையாளமே நீங்கள் சொல்லும் அந்தக் காரம் தாங்காத எரிச்சல். பிறகு வாய் திறப்பது குறையும்.

இப்போதே கண்ணாடி முன் நின்று, உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தடவினால் கயிறு போலத் தட்டுப்பட்டாலோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலோ அப்படியே. சீவலை இன்றோடு விடுங்கள். கை சும்மா இருக்காது என்றால் இலையில் ஒரு கிராம்பு, இரண்டு மிளகு, கொஞ்சம் சோம்பு. சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், எரிகிற வாயை அது இன்னும் புண்ணாக்கும். சீவல் டப்பாவைக் கல்லாவிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோம்பு டப்பாவை வையுங்கள். கை அங்கேதான் போகும்.